சில்லறைச் சீட்டும் பிடி எடுக்கும்: பிரிட்ஜ் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தவை. கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் எல்லோரும் சிக்கிக்கொண்ட இடம் ஒன்றுதான்: ஐந்தாறு சீட்டு உள்ள நீண்ட சூட் (இஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற நான்கு இனங்களில் ஒன்று) இருக்கிறது, அதிலிருந்து பிடி (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றின் வெற்றி) வரவில்லை. அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். எல்லா உதாரணத்திலும் நீங்கள் தெற்கில் உட்கார்ந்திருக்கும் டிக்ளேரர், அதாவது ஏலத்தில் எடுத்த ஆட்டத்தை ஆடுபவர். வடக்கில் விரித்து வைத்திருப்பது டம்மி, அதாவது உங்கள் கூட்டாளியின் சீட்டு; அதையும் நீங்களே ஆடுவீர்கள். மேற்கும் கிழக்கும் எதிரிகள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக 304 ஆடுகிறோம். பிரிட்ஜ் பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. பெரிய சீட்டுகளை ஒழுங்காகத்தான் எடுக்கிறேன். ஆனாலும் கடைசியில் ஒன்றிரண்டு பிடி குறைகிறது. எங்கே தவறு? (குடியாத்தம் வாசகர்)

பதில்: தவறு 304-லிருந்து கூடவே வந்த பழக்கத்தில் இருக்கிறது. 304-ல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆறும் அதற்குக் கீழே உள்ளவையும் கட்டிலேயே கிடையாது. அங்கே பிடியில் விழும் சீட்டுக்குத்தான் மதிப்பு. பிரிட்ஜில் 52 சீட்டும் உண்டு, 13 பிடியும் ஒரே மதிப்பு. ஏஸால் எடுத்த பிடியும் ஒன்றுதான், ஒரு சூட்டில் மற்ற எல்லாம் போனபின் மிஞ்சிய இரண்டால் எடுத்த பிடியும் ஒன்றுதான். 304-காரர் கண்ணுக்கு இந்தச் சில்லறைகள் தெரிவதில்லை. ஆனால் மற்ற சூட்டுகளை வெட்டும் துருப்பு இல்லாமல் ஆடும் 3 நோ டிரம்புக்கு வேண்டிய ஒன்பது பிடியில் மூன்று, நான்கு பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இரண்டாவது, வரிசை. உறுதியான பிடிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு நீண்ட சூட்டைத் தொடுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இதைத் தலைகீழாக்குங்கள். ஆர்ட்டினில் உங்களிடம் ஏஸ், ராஜா, ராணி, டம்மியில் மூன்று சில்லறை என்று வையுங்கள். எதிரிகளிடம் ஏழு ஆர்ட்டின். மூன்று சுற்று நீங்களே ஆடித் தீர்த்தால், அவை 4–3 ஆகப் பிரிந்திருந்தாலும் நான்காவது சீட்டு ஒருவரிடம் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன்பின் உங்கள் நீண்ட சூட்டான கிளாவரில் எதிரியின் ஏஸை வெளியே இழுக்கப் போனால், அந்த ஏஸோடு ஆர்ட்டினிலும் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பிடியை அவர்களுக்கு உருவாக்கிக் கொடுத்தது நீங்கள்தான். தோற்க வேண்டிய பிடியை, உங்கள் ஏஸ் ராஜாக்கள் காவலுக்கு இருக்கும்போதே தோற்றுவிடுங்கள்.

டம்மி விரித்தவுடன், முதல் சீட்டைத் தொடுவதற்கு முன், இந்தக் கணக்கைப் போடுங்கள்: இப்போதே உறுதியான பிடி எத்தனை? எத்தனை குறைகிறது? எந்த சூட்டில் அதைத் தேற்றலாம், அதாவது பெரியவை போனபின் சின்னவற்றைப் பிடியாக்கலாம்? அதற்கு எத்தனை முறை கை, அதாவது அடுத்த சீட்டை இறக்கும் வாய்ப்பு, எதிரியிடம் போகும்? தேறிய சீட்டுகள் இருக்கும் பக்கத்துக்குப் போய்ச் சேர வழி, அதாவது என்ட்ரி, இருக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். டம்மியில் கிளாவர் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 4; உங்களிடம் 7, 3 மட்டும். பார்க்க நான்கு பிடி. எதிரி முதல் சுற்றில் ஏஸை எடுக்காமல் இரண்டாவது சுற்றில் எடுத்தால் உங்களிடம் கிளாவர் தீர்ந்துவிடும். டம்மிக்கு வேறு என்ட்ரி இல்லையென்றால் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிடி.

கேள்வி: 3 நோ டிரம்ப் ஆடினேன். டம்மியில் டைமண்ட் ஏஸ், ராஜா, 7, 5, 3, 2. என்னிடம் 8, 4. ஏஸையும் ராஜாவையும் எடுத்துவிட்டு மூன்றாவது சுற்றைக் கொடுத்தேன். சூட் 3–2 ஆகத்தான் பிரிந்திருந்தது, இருந்தும் மூன்று பிடி குறைவு. கையை முழுவதும் எழுதியிருக்கிறேன். (காட்பாடி வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய கை இது.

டம்மி: இஸ்பேடு 7, 5, 3, ஆர்ட்டின் 9, 6, டைமண்ட் ஏஸ், ராஜா, 7, 5, 3, 2, கிளாவர் 9, 5.

உங்கள் கை: இஸ்பேடு ஏஸ், ராஜா, 6, ஆர்ட்டின் ஏஸ், ஜாக்கி, 5, 2, டைமண்ட் 8, 4, கிளாவர் ஏஸ், 10, 7, 3.

மேற்கு இஸ்பேடு ராணியை இறக்கினார், ராஜாவால் பிடித்தீர்கள். அதுவரை சரி. உறுதியானவை இஸ்பேடில் இரண்டு, ஆர்ட்டினில் ஒன்று, கிளாவரில் ஒன்று, டைமண்டில் இரண்டு, மொத்தம் ஆறு. குறைவது மூன்று. டைமண்டில் எதிரிகளிடம் ராணி, ஜாக்கி, 10, 9, 6 என்று ஐந்து சீட்டு. அது 3–2 பிரிந்தால் ஒரு சுற்றுத் தோற்று ஐந்து பிடி எடுக்கலாம். எப்படியும் ஒரு சுற்று தோற்கத்தான் வேண்டும் என்றால், எந்தச் சுற்றில் தோற்பது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது சுற்றில் தோற்றால், அந்த நேரத்தில் உங்களிடம் டைமண்ட் இல்லை, டம்மியில் 7, 5, 3 தேறி நிற்கின்றன, அங்கே போக வழியில்லை. முதல் சுற்றில் தோற்றால்? கையிலிருந்து 4, டம்மியிலிருந்து 2. எதிரி என்ன திருப்பினாலும் அந்த சூட்டின் ஏஸால் பிடிக்கிறீர்கள். இப்போது உங்களிடம் டைமண்ட் 8 மிச்சம். அதை டம்மியின் ஏஸுக்கு ஆடுங்கள், ராஜாவை எடுங்கள், எதிரிகளின் ஐந்தும் தீர்ந்தன. 7, 5, 3 மூன்றும் பிடி. மொத்தம் ஒன்பது.

முதல் சுற்றில் மேற்கு ராணியையே போட்டாலும் ஏஸைத் தூக்காதீர்கள். ‘ராணி விழுந்துவிட்டதே, பிடித்துவிடலாம்’ என்று கை அரிக்கும். பிடித்தால் பழையபடி பாலம் உடைந்துவிடும். ஏஸும் ராஜாவும் இங்கே பிடி மட்டுமல்ல, டம்மிக்குள் போகும் வாசல்களும் அவைதான். உங்கள் கையில் ஒரு டைமண்ட் மிச்சம் இருக்கும்வரைதான் அந்த வாசலுக்குப் போக முடியும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் பழகிக்கொள்ளுங்கள். டம்மியில் ஏஸ், ராஜா, 8, 6, 4. உங்களிடம் 7, 5, 3. டம்மிக்கு வேறு என்ட்ரி இல்லை. நான்கு பிடி தேவையென்றால் முதல் சுற்றை மட்டும் விடுங்கள். 3–2 பிரிவு வேண்டும், அதற்கு வாய்ப்பு 68 சதவீதம். மூன்றே பிடி போதும் என்றால் முதல் இரண்டு சுற்றையும் விடுங்கள். அப்போது 4–1 பிரிந்திருந்தாலும் ஏஸ், ராஜா, ஐந்தாவது சீட்டு மூன்றும் கிடைக்கும். 68 சதவீதம் 96 ஆகிறது. எத்தனை பிடி தேவை என்று எண்ணாமல் ஒரு சூட்டை ஆட ஆரம்பிக்கக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது இதற்காகத்தான்.

கேள்வி: இந்தச் சதவீதங்களையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது? எனக்குக் கணக்கு வராது. (ஆம்பூர் வாசகர்)

பதில்: முழுப் பட்டியல் வேண்டாம். எதிரிகளிடம் இருக்கும் சீட்டு ஒற்றைப்படை என்றால் ஏறக்குறைய சமமாகப் பிரியும். இரட்டைப்படை என்றால் சமமாகப் பிரியாமல் போகவே வாய்ப்பு அதிகம். இரண்டே சீட்டு வெளியே இருக்கும்போது மட்டும் இது பொருந்தாது. அங்கே 1–1 பிரிவு 52 சதவீதம்.

எண்களாக வேண்டுமென்றால் இவை போதும். ஐந்து வெளியே: 3–2 பிரிவு 68, 4–1 பிரிவு 28, 5–0 பிரிவு 4. ஆறு வெளியே: 4–2 பிரிவு 48, 3–3 பிரிவு 36, 5–1 பிரிவு 15. நான்கு வெளியே: 3–1 பிரிவு 50, 2–2 பிரிவு 40, 4–0 பிரிவு 10. ஏழு வெளியே: 4–3 பிரிவு 62, 5–2 பிரிவு 31.

3–3 ஏன் 4–2-ஐ விடக் குறைவு என்று பலர் கேட்கிறார்கள். ஆறு சீட்டை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிதான் உண்டு. நான்கு ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம் என்றால் யாரிடம் நான்கு என்பதையும் சேர்த்து 30 வழி. ஒவ்வொரு வழிக்கும் வாய்ப்பு துளி வித்தியாசப்பட்டாலும் முடிவு மாறுவதில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு கட்டிலிருந்து இஸ்பேடு ஐந்து, மற்றவை இருபத்தொன்று என்று 26 சீட்டை எடுத்து, நன்றாகக் கலைத்து, 13, 13 ஆகப் பிரித்து இஸ்பேடு எப்படி விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது முறை செய்தால் முப்பத்துநான்கை ஒட்டி 3–2 வரும். கண்ணால் பார்த்த எண் மறக்காது. ஒரு எச்சரிக்கை: எதிரி ஏலத்தில் ஒரு சூட்டைச் சொல்லிவிட்டாரென்றால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. அவரிடம் அந்த சூட்டில் நீளம் இருந்தால் மற்ற சூட்டுகளுக்கு அவர் கையில் இடம் குறைவு.

கேள்வி: 4 இஸ்பேடு (இஸ்பேடு துருப்பாகப் பத்துப் பிடி எடுக்கும் ஆட்டம்) ஆடி ஒரு பிடியில் விழுந்தேன். ‘துருப்பை முதலில் இழுத்துவிடு’ என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படியே செய்தேன். டம்மியின் ஆர்ட்டின் 3–3 ஆகப் பிரிந்திருந்தும் பயனில்லை. (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: வந்த கடிதங்களிலேயே நல்ல கை உங்களுடையது. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

டம்மி: இஸ்பேடு ராஜா, ராணி, 5, ஆர்ட்டின் ஏஸ், ராஜா, 6, 4, 2, டைமண்ட் 7, 5, 3, கிளாவர் 8, 6.

உங்கள் கை: இஸ்பேடு ஏஸ், ஜாக்கி, 10, 9, 6, 3, ஆர்ட்டின் 8, 5, டைமண்ட் ஜாக்கி, 6, 4, கிளாவர் ஏஸ், ஜாக்கி.

மேற்கு டைமண்டில் ஏஸ், ராஜா, ராணி மூன்றையும் எடுத்துவிட்டு கிளாவர் ராஜாவை இறக்கினார். நீங்கள் ஏஸால் பிடித்தீர்கள். இனி ஒரு பிடியும் தோற்க முடியாது. உங்களிடம் உள்ள ஒரே ஓட்டை கிளாவர் ஜாக்கி. துருப்பில் ஆறு, ஆர்ட்டினில் இரண்டு, கிளாவர் ஏஸ், ஆக ஒன்பது. பத்தாவது, டம்மியின் ஒரு சின்ன ஆர்ட்டினிலிருந்துதான் வர வேண்டும். அதில் கிளாவர் ஜாக்கியைக் கழித்துவிடலாம்.

நீங்கள் துருப்பை மூன்று சுற்று இழுத்தீர்கள். பிறகு ஆர்ட்டின் ஏஸ், ராஜா, மூன்றாவது ஆர்ட்டினைத் துருப்பால் வெட்டினீர்கள். டம்மியில் இரண்டு ஆர்ட்டின் தேறிவிட்டன. போய் எடுக்க வழியில்லை, ஏனென்றால் துருப்பு ராஜாவும் ராணியும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. இந்தக் கையில் டம்மிக்கு இருந்த என்ட்ரி, ஆர்ட்டினை விட்டால், அவை இரண்டுதான்.

துருப்பை எப்போதுமே முதலில் முழுவதும் இழுத்துவிட வேண்டும் என்பது சட்டமல்ல. டம்மியின் துருப்புக்கு வேறு வேலை இருந்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே இப்படி ஆடுங்கள்.

துருப்பு ஏஸ் ஒரு சுற்று மட்டும். இருவரும் துருப்பு போட்டால் 4–0 இல்லை என்று உறுதியாகிறது. அடுத்து ஆர்ட்டின் ஏஸ், ராஜா. மூன்றாவது ஆர்ட்டினைக் கையில் 9-ஆல் வெட்டுங்கள். வெளியே உள்ள துருப்பு 8, 7, 4, 2 மட்டுமே. 9-க்கு மேல்வெட்டு, அதாவது அதைவிடப் பெரிய துருப்பால் எதிரி வெட்டுவது, கிடையாது. 3-ஆல் வெட்டினால் ஆர்ட்டின் இரண்டே வைத்திருந்தவர் சும்மா மேல்வெட்டிவிட்டுப் போவார். பெரிய துருப்பு கையில் இருக்கும்போது சில்லறையில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பிறகு துருப்பு 3-ஐ டம்மியின் ராணிக்கு. அது என்ட்ரியும் ஆயிற்று, துருப்பு இழுத்த இரண்டாவது சுற்றும் ஆயிற்று. மூன்றாவது சுற்றிலேயே ஆர்ட்டின் 3–3 என்று தெரிந்திருந்தால் இனி வெட்ட வேண்டியதில்லை. 4–2 என்றால் நான்காவது ஆர்ட்டினை 10-ஆல் வெட்டுங்கள், துருப்பு 6-ஐ ராஜாவுக்கு ஆடுங்கள். துருப்பு 3–1 இருந்திருந்தாலும் இந்த மூன்றாவது சுற்றில் எல்லாம் வந்துவிடும். ஐந்தாவது ஆர்ட்டின் இப்போது தனியாள். அதில் கிளாவர் ஜாக்கி போகிறது. கையில் துருப்பு ஜாக்கி மிச்சம். மொத்தம் பத்து.

என்ட்ரியை எண்ணும் விதம் இது: தேற்றுவதற்கு எத்தனை முறை வெட்ட வேண்டுமோ, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் டம்மிக்குத் திரும்ப ஒரு என்ட்ரி வேண்டும். 3–3 பிரிந்தால் ஒரு வெட்டு, ஒரு என்ட்ரி. 4–2 பிரிந்தால் இரண்டு வெட்டு, இரண்டு என்ட்ரி. ஏஸுக்குப் பிறகு ராஜாவையும் துருப்பு இழுக்கச் செலவழித்துவிட்டு ராணியை மட்டும் வைத்திருந்தால் 36 சதவீதத்தை நம்பி ஆடுகிறீர்கள். இரண்டையும் வைத்திருந்தால் 48-ம் சேர்ந்து 84 சதவீதம் உங்கள் பக்கம். துருப்பு 4–0 ஆக விழும் கைகளில் அதில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

இதே கணக்கில் இன்னொன்று: டம்மியில் ஏஸோடு ஐந்து சீட்டு, உங்களிடம் ஒன்றே ஒன்று. வெளியே ஏழு, 4–3 பிரிந்தாலும் மூன்று முறை வெட்டினால்தான் ஐந்தாவது தேறும். ஏஸைத் தவிர மூன்று என்ட்ரி வேண்டும். டம்மியில் மூன்று இல்லையென்றால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு வேறு வழி தேடுங்கள்.

கேள்வி: தினமும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய்வரும் நால்வர் மடியில் செய்தித்தாளை விரித்து ஆடுகிறோம். டம்மியில் ஏஸ், ராஜா, ராணி, 5, 2. என்னிடம் 9, 8, 7, 4. எதிரிகளிடம் நாலே சீட்டு. ஐந்து பிடி வர வேண்டிய இடத்தில் நான்குதான் வந்தது. (ஜோலார்பேட்டை வாசகர்கள்)

பதில்: முதல் சுற்றில் 4-ஐப் போட்டிருப்பீர்கள். சின்னதை முதலில் போடுவது கைப்பழக்கம். மூன்று சுற்று முடிந்ததும் டம்மியில் 5, 2, உங்களிடம் 9. நான்காவது சுற்றை 9 பிடித்துவிடும், டம்மியின் கடைசிச் சீட்டு அங்கேயே அடைபட்டுவிடும். ஏஸ், ராஜா, ராணி விழும்போது 9, 8, 7-ஐப் போட்டுவிட்டு 4-ஐ வைத்திருங்கள். டம்மியின் 5 அதற்கு மேலே போகும், 2 பின்னாலேயே வரும். நீளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடைசிச் சுற்று முடிய வேண்டும். குட்டைப் பக்கத்தில் உள்ள பெரிய சீட்டு முதலில் வெளியே போகட்டும். டம்மியில் ஏஸ், ராணி, ஜாக்கி, 6, 4, உங்களிடம் ராஜா, 3 என்றாலும் முதலில் ராஜாதான்.

கேள்வி: எதிரி இறக்கும் சூட்டில் ஏஸ் மட்டும் இருந்தால் எத்தனை முறை விட்டுப் பிடிக்க வேண்டும்? என் நீண்ட சூட்டைத் தேற்றும்போது கை அவர்களிடம் போனால் ஆபத்துதானே? (ஆற்காடு வாசகர்)

பதில்: 3 நோ டிரம்பில் பயன்படும் ஒரு எளிய கணக்கு உண்டு. அந்த சூட்டில் உங்கள் இரு கைகளிலும் சேர்த்து உள்ள சீட்டை ஏழிலிருந்து கழியுங்கள். அத்தனை முறை விடுங்கள். உங்களிடம் இஸ்பேடு ஏஸ், 7, 4, டம்மியில் 8, 3 என்றால் ஐந்து. ஏழில் ஐந்து போக இரண்டு. இரண்டு சுற்று விட்டு மூன்றாவதில் ஏஸ். எதிரிகளின் எட்டு இஸ்பேடு 5–3 பிரிந்திருந்தால் மூன்று வைத்திருந்த கிழக்கிடம் இனி இஸ்பேடு இல்லை. 4–4 என்றாலும் மொத்தம் மூன்று பிடிதான் போகும்.

விடுவதோடு வேலை முடியவில்லை. இனி மேற்கு ஆபத்தான கை, கிழக்கு பாதுகாப்பான கை. உங்கள் டைமண்ட் கையில் ராஜா, 9, 5. டம்மியில் ஏஸ், ஜாக்கி, 10, 8, 3. ராணி யாரிடம் என்று தெரியாது. எந்தப் பக்கமும் ஃபினெஸ் எடுக்கலாம், அதாவது ராணி இந்தப் பக்கம்தான் என்று நம்பி அதைவிடச் சின்ன சீட்டால் பிடி எடுக்கப் பார்க்கலாம். ராணியை யூகிக்க முயலாதீர்கள்; தோற்றால் யாரிடம் தோற்பது நல்லது என்று பாருங்கள். ராஜாவை எடுத்துவிட்டு 9-ஐ இறக்குங்கள். மேற்கு சின்னதைப் போட்டால் டம்மியிலிருந்து 8. ராணி கிழக்கிடம் இருந்தால் பிடிக்கட்டும், அவரால் இஸ்பேடு திருப்ப முடியாது. உங்களுக்கு டைமண்டில் நான்கு பிடி நிச்சயம். நீண்ட இஸ்பேடு கிழக்கிடம் இருந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, டம்மியின் ஏஸை எடுத்து, அங்கிருந்து ஜாக்கியை ஓடவிட வேண்டும்.

ஏழு கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். வேறொரு சூட்டில் உங்கள் பாதுகாப்பு அதைவிடப் பலவீனமாக இருந்தால், நீங்கள் விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரி அங்கே திரும்பிவிடுவார். அப்போது முதல் சுற்றிலேயே பிடித்துவிடுவது மேல்.

கேள்வி: சீட்டு என்றாலே சூதாட்டம் என்று வீட்டில் திட்டுகிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது? (வேலூர் சத்துவாச்சாரி வாசகி)

பதில்: அம்மா, இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 2015-ல் பிரிட்ஜ் உலகப் போட்டி நம் சென்னையில்தான் நடந்தது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானபோது ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வாங்கியது இந்தியா. போட்டிகளில் ஒருமுறை பங்கிட்ட சீட்டையே போர்டில் அடைத்து ஒவ்வொரு மேசைக்கும் அனுப்புகிறார்கள். நல்ல சீட்டு வந்ததால் ஜெயித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதே சீட்டைக் கொண்டு அடுத்த மேசைக்காரர் எத்தனை பிடி எடுத்தார் என்பதுதான் ஒப்பீடு. காசு வைக்காமல் வீட்டு மேசையில் இரண்டு நாள் ஆடிக் காட்டுங்கள், பார்ப்பவர்களே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: இரண்டு சூட்டில் எதைத் தேற்றுவது என்று குழப்பம். ஏஸ், ராஜா, ராணி உள்ளதை விட்டுவிட்டு ஜாக்கி, 10 உள்ளதை ஆடச் சொல்கிறார் என் கூட்டாளி. அவர் சொல்வது சரியா? (போளூர் வாசகர்)

பதில்: உங்கள் கூட்டாளி சொல்வதுதான் சரி. நீங்கள் எழுதிய கையில் இஸ்பேடு ஏஸ், ராஜா, 5-க்கு டம்மியில் ராணி, 6. ஆர்ட்டின் ஏஸ், 10, 2-க்கு ராணி, 5, 4. டைமண்ட் ஏஸ், ராஜா, 4, 3-க்கு ராணி, 6, 5. கிளாவர் ராணி, 8, 4-க்கு ஜாக்கி, 10, 9, 7, 3. ஆட்டம் 3 நோ டிரம்ப், மேற்கு இஸ்பேடு இறக்கியிருக்கிறார்.

உறுதியானவை இஸ்பேடு மூன்று, ஆர்ட்டின் ஒன்று, டைமண்ட் மூன்று, ஆக ஏழு. குறைவது இரண்டு. டைமண்டில் இன்னும் கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அதுவும் வெளியே உள்ள ஆறு 3–3 பிரிந்தால்தான், 36 சதவீதம். பிரிந்தால்கூட எட்டுதான் ஆகிறது. கிளாவரில் ஏஸும் ராஜாவும் அவர்களிடம். மிச்சம் வெளியே இருப்பது 6, 5, 2. இரண்டு முறை தோற்றால் மூன்று பிடி உங்களுடையது, எப்படிப் பிரிந்திருந்தாலும். பெரிய சீட்டுகள் இருக்கும் சூட் ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. புதிதாகப் பிடி தருவது நீளமான சூட்தான்.

இரண்டு முறை கை மாறும் என்பதால் தடுப்பை, அதாவது எதிரி இறக்கும் சூட்டைப் பிடித்து நிறுத்தும் சீட்டை, எண்ணுங்கள்: முதல் இறக்கத்தைப் பிடிக்க ஒன்று, கை மாறும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று, மொத்தம் மூன்று. இஸ்பேடில் உங்களிடம் சரியாக மூன்று இருக்கிறது. ஆர்ட்டின் பக்கம் திரும்பினாலும் ஏஸும் ராணியும் சேர்ந்து தாங்கும்.

முதல் இஸ்பேடைக் கையில் ஏஸால் பிடித்து உடனே கிளாவர் ராணியை இறக்குங்கள். எதிரிகள் அதைப் பிடிக்காமல் விடலாம். அப்போது அடுத்த இரண்டு சுற்று கிளாவரும் அவர்களுக்குப் போய், உங்கள் கையில் கிளாவர் தீர்ந்து, டம்மியில் இரண்டு தேறிய சீட்டு காத்திருக்கும். அவர்கள் இஸ்பேடையே திருப்பிக்கொண்டிருந்தால் டம்மியின் இஸ்பேடு ராணி இதற்குள் செலவாகியிருக்கும். அங்கே போக மிச்சம் இருப்பது டைமண்ட் ராணி ஒன்றுதான். அதனால் கிளாவர் வேலை முடியும்வரை டைமண்டைத் தொடாதீர்கள்.